முதல் கிளீட் ஷூவும் பெடலும்: ஓராண்டு ஓட்டிய பிறகு

சாலையில் சைக்கிள் ஓட்டத் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்த நிலையில், சென்ற ஆண்டு ஜூன் மாதம், காலைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூ ஒன்றையும் அதற்கான பெடல் ஒரு சோடியையும் முதன்முறையாக வாங்கினேன். அன்றிலிருந்து சனி, ஞாயிறு விடியற்காலைகளில் அடையாறிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கோவளம் வரையிலும், மாதம் ஒருமுறை மாமல்லபுரம் வரையிலும் அவற்றோடுதான் சென்று வருகிறேன். வார நாட்களில் அலுவலகத்துக்குச் செல்வதும் அதே சைக்கிளில்தான். வாங்கும் முன் நான் தேடிப் படித்தவற்றில் பெரும்பாலானவை பந்தய வீரர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவையாக இருந்தன. புதிதாக ஓட்டுபவர் ஒருவர், நம் சாலைகளில், நம் வெயிலிலும் மழையிலும் எதை வாங்கினால் வருந்தாமல் இருப்பார் என்பதைச் சொல்லும் எழுத்து எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயன்படுத்துவது ஷிமானோ நிறுவனத்தின் பி.டி.-ஈ.எச்.500 என்ற பெடலையும், அடியில் இரண்டு திருகுகளால் கிளீட், அதாவது பெடல் கவ்விக்கொள்ளும் சிறு துண்டு, பொருத்தும் வகையைச் சேர்ந்த, நடக்க ஏற்ற ஷூ ஒன்றையும். புதிதாகத் தொடங்கும் எவருக்கும் இந்தச் சேர்க்கையையே பரிந்துரைப்பேன். ஒரு பெடலைப் பற்றிப் பேசும்போது கால் எவ்வளவு உறுதியாகப் பூட்டிக்கொள்கிறது என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கால் எவ்வளவு எளிதாக வெளியே வருகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று ஓராண்டு அனுபவத்துக்குப் பிறகு உறுதியாக நினைக்கிறேன். ஷேர் ஆட்டோ எந்த இடத்தில் நிற்கும், மாடு எப்போது குறுக்கே வரும் என்று தெரியாத சாலையில் ஓட்டுகிறவருக்கு வேறு எந்தத் தகுதியும் இதற்கு அடுத்தபடிதான்.

இந்த மாற்றத்தை நான் ஏன் நாடினேன் என்பதையும் சொல்ல வேண்டும். சைக்கிளோடு வந்த பிளாஸ்டிக் பெடலையும் ஓடுவதற்கு வாங்கியிருந்த மெத்தென்ற ஷூவையும் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். முப்பது கிலோமீட்டர் வரை எதுவும் தெரியாது. நாற்பதைத் தாண்டியதும் வலப்பாதத்தின் நடுவில் ஒரு கோடு போட்டதுபோல வலி தொடங்கும். ஓட்டப் பயிற்சிக்கான ஷூவின் அடிப்பாகம் வளைவதற்கென்றே செய்யப்படுவது. பெடலின் குறுகிய பரப்பில் உடல் எடை இறங்கும்போது அது பெடலைச் சுற்றி வளைந்துகொள்கிறது, பாதமும் அதோடு வளைகிறது. மழை நாட்களில் வேறொரு தொல்லை இருந்தது. முட்டுக்காடு பாலத்தில் ஒரு முறை ஈரமான பெடலிலிருந்து கால் வழுக்கி, பெடலின் விளிம்பு கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் இடித்தது. அந்த வடு இன்னும் இருக்கிறது.

இந்த இரண்டு தொல்லைகளுக்கும் காலைப் பூட்டுவது மட்டுமே தீர்வு என்று நினைத்துவிட வேண்டாம். அகலமான உலோகத் தட்டும் அதன் மேல் சிறு ஊசிகளும் கொண்ட தட்டைப் பெடலும், சற்று விறைப்பான, ஆழமான பள்ளங்கள் இல்லாத ரப்பர் அடிப்பாகம் கொண்ட ஷூவும் சேர்ந்தாலே வழுக்கலும் வலியும் பெருமளவு குறைந்துவிடும். பூட்டாத பெடல் கற்றுக்குட்டிகளுக்கு உரியது என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் தட்டைப் பெடலை வைத்துக்கொண்டே மலைச்சரிவுப் பந்தயத்தில் உலக சாம்பியன் ஆனவர். 2017, 2018, 2019 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எண்டியூரோ எனப்படும் மலைப்பாதைப் பந்தயங்களின் உலகத் தொடரையும் அதே வகைப் பெடலில் வென்றார். பூட்டிக்கொண்டால் வேகம் கூடிவிடும், காலை மேலே இழுத்தும் மிதிக்கலாம் என்று சொல்லப்படுவதையும் அப்படியே ஏற்க முடியாது. சீரான வேகத்தில் ஓட்டும்போது உடல் செலவிடும் ஆற்றலில் இரு வகைப் பெடல்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாட்டை ஆய்வகச் சோதனைகள் காட்டவில்லை. எனக்குக் கிடைத்த பயன் வேறு: ஒவ்வொரு முறையும் கால் ஒரே இடத்தில் அமைகிறது, மேடு பள்ளங்களில் பெடலை விட்டுத் துள்ளுவதில்லை, நான்கு மணி நேரம் ஓட்டிய பிறகும் பாதம் வலிப்பதில்லை. இவை உங்களுக்குத் தேவைப்படாவிட்டால் தட்டைப் பெடலோடு நின்றுவிடுவதில் எந்தக் குறையும் இல்லை.

பூட்டும் பெடல்தான் வேண்டும் என்று முடிவு செய்தவரைப் பெயர்களே முதலில் குழப்பும். காலைப் பூட்டிக்கொள்ளும் இந்தப் பெடலைக் கடைகளில் 'கிளிப்லெஸ்', அதாவது கிளிப் இல்லாதது, என்று அழைக்கிறார்கள். முன்பு கால்விரல்களை ஒரு கூண்டுக்குள் செலுத்தித் தோல்வாரால் இறுக்கிக்கொள்வார்கள். அந்தக் கூண்டுக்குத்தான் கிளிப் என்று பெயர், அது இல்லாமல் பூட்டிக்கொள்வதால் இந்தப் பெயர் வந்தது. பனிச்சறுக்குக் காலணிகளைப் பலகையோடு பிணைக்கும் கருவிகளைச் செய்துவந்த பிரான்ஸின் லுக் நிறுவனம், அதே நுட்பத்தை 1984இல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டு பெர்னார் இனோ அந்தப் பெடலில் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை வென்ற பிறகு தோல்வார்கள் பந்தயங்களிலிருந்து மறையத் தொடங்கின. கிளீட் என்பது ஷூவின் அடியில் திருகப்படும் சிறு துண்டு. பெடலின் வில் (ஸ்பிரிங்) கவ்விக்கொள்வது இந்தத் துண்டைத்தான். குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பினால் வில் விட்டுவிடும்.

லுக் வழி வந்த அமைப்பில் கிளீட் பெரிய முக்கோணமாக, பிளாஸ்டிக்கில், மூன்று திருகுகளால் பொருத்தப்பட்டு, ஷூவின் அடியிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். ஷிமானோவின் எஸ்.பி.டி.-எஸ்.எல். வகையும் இதுதான். 1990இல் ஷிமானோ மலைப்பாதை சைக்கிள்களுக்காகக் கொண்டுவந்த எஸ்.பி.டி. அமைப்பில் கிளீட் சிறியது, எஃகால் ஆனது, இரண்டு திருகுகள் கொண்டது. அது ஷூவின் அடிப்பாகத்தில் உள்ள குழிக்குள் அமைந்துவிடுவதால் சுற்றியுள்ள ரப்பர்தான் தரையைத் தொடும். சேற்றில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியவர்களுக்காகச் செய்யப்பட்ட அமைப்பு இது. எஸ்.பி.டி., எஸ்.பி.டி.-எஸ்.எல். என்று பெயர்கள் ஒன்றுபோல ஒலித்தாலும், ஒன்றின் கிளீட் மற்றதன் பெடலில் பூட்டாது.

இதை அறியாமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். நகரத்தில் உள்ள ஒரு சைக்கிள் கடையில், முதல் முறையாக வாங்குகிறேன் என்று சொல்லித்தான் கேட்டேன். கடைக்காரர் பளபளப்பான வெள்ளை ஷூ ஒன்றையும் பெடல் பெட்டி ஒன்றையும் எடுத்து வைத்தார், இரண்டும் ஒத்துப்போகும் என்றார். வீட்டில் வந்து பிரித்தபோது ஷூவின் அடியில் மூன்று துளைகள் இருந்தன, பெட்டிக்குள் இருந்த கிளீட்டில் இரண்டு திருகுகள். மறுநாளே எடுத்துச் சென்றேன். பெட்டி பிரிக்கப்பட்டுவிட்டதால் ஷூவைத் திரும்ப எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று துளை ஷூவில் இரண்டு திருகுக் கிளீட்டைப் பொருத்தும் இடைத்தகடு தனியாகக் கிடைக்கும் என்று ஆலோசனையும் சொன்னார்கள். அத்தகைய தகடு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதைப் போட்டால் கிளீட் மேலும் கீழே துருத்திக்கொள்ளும், நடக்கவே முடியாது. ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தின் துளைகளை எண்ணுவதற்கு ஐந்து விநாடிகூட ஆகாது. அதைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அந்த வெள்ளை ஷூவுக்கு ஏற்ற மூன்று திருகுப் பெடலை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன் என்பதால், அதைப் பற்றியும் அனுபவத்தோடு சொல்ல முடிகிறது. சாலை சீராக நீளும்போது அது தரும் உறுதியை மறுக்க முடியாது. பெடலின் பரப்பு அகலம், ஷூவின் அடி விறைப்பு, காலும் கிராங்கும் (பெடல் மாட்டப்படும் தண்டு) ஒன்றாகிவிட்ட உணர்வு. ஆனால் கோவளத்தில் தேநீருக்காக இறங்கிய ஒவ்வொரு முறையும் அது என்னைச் சோதித்தது. அந்தக் கடையின் முன்புறம் வழவழப்பான டைல்ஸ் போட்டிருந்தார்கள், காலையில் கழுவிவிட்ட ஈரம் இருந்தது. முன்பாதத்தின் அடியில் மேடான பிளாஸ்டிக் துண்டு இருப்பதால் குதிகால் தாழ்ந்து, உடல் பின்னால் சாய்ந்த நிலையில் நடக்க வேண்டும். ஒரு கையால் சைக்கிளையும் மறு கையால் கடையின் தூணையும் பிடித்துக்கொண்டு நான்கடி எடுத்து வைத்தேன். கருங்கல் சரளையில் நடந்தபோது கிளீட்டின் முனை தேய்ந்து வெள்ளையாகிவிட்டதை இரண்டு வாரத்திலேயே பார்க்க முடிந்தது. 200 கிலோமீட்டர் பிரவே போன்ற, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடும்பயணங்களில் கலந்துகொள்ள விரும்புபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்குத் தரப்படும் பதின்மூன்றரை மணி நேரத்தில் கட்டுப்பாட்டு நிலையங்களில் இறங்க வேண்டும், சாப்பிட வேண்டும், கழிப்பறைக்குச் செல்ல வேண்டும். நடப்பதும் அந்தப் பயணத்தின் ஒரு பகுதி.

இனி நான் இறுதியில் வாங்கிய பெடலுக்கு வருகிறேன். ஈ.எச்.500 பெடலின் ஒரு பக்கம் ஊசிகள் கொண்ட தட்டைப் பரப்பு, மறுபக்கம் எஸ்.பி.டி. பூட்டு. சோடியின் எடை 383 கிராம். புதியவர்கள் பெரும்பாலும் வாங்கும், இரண்டு பக்கமும் பூட்டுள்ள பி.டி.-எம்520 பெடலும் ஏறத்தாழ இதே எடைதான். விலையில் எம்520 குறைவு. அதை விட்டு இதை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தட்டைப் பக்கம். மார்க்கெட்டுக்குச் செருப்போடு செல்லலாம். போக்குவரத்து நெருக்கடியான திருவான்மியூர் பகுதியைத் தாண்டும்வரை காலைப் பூட்டாமலே ஓட்டிவிட்டு, அக்கரைக்கு அப்பால் சாலை திறந்த பிறகு பூட்டிக்கொள்ளலாம். என் மனைவியும் அதே சைக்கிளைச் சாதாரண ஷூவோடு எடுத்துச் செல்கிறார். பழகும் காலத்தில் இந்த இடைவழி எனக்கு எவ்வளவு துணிவைத் தந்தது என்பதைச் சொல்லி மாளாது.

இதோடு வரும் கிளீட்டும் ஒரு முக்கியமான காரணம். எஸ்.பி.டி. கிளீட்டில் இரு வகை உண்டு. எஸ்.எச்.51 என்ற வகை, குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே விடும். எஸ்.எச்.56 என்ற வகை பல திசைகளிலும் விடும், பதற்றத்தில் காலைச் சாய்வாக மேலே பிடுங்கினால்கூட வந்துவிடும். எம்520 போன்ற பல பெடல்களோடு முதல் வகைதான் வரும், ஈ.எச்.500 பெடலோடு இரண்டாவது வகை வருகிறது. மிகவும் அழுத்தி மேலே இழுத்து மிதிப்பவர்களுக்கு எஸ்.எச்.56 எதிர்பாராமல் விட்டுவிடக்கூடும் என்பது அதன் குறை. ஆனால் புதியவர் அப்படி இழுத்து மிதிக்கப்போவதில்லை. விழுவதற்கு முந்தைய அரை விநாடியில் திருப்ப வேண்டிய திசை யாருக்கும் நினைவுக்கு வராது. அந்த அரை விநாடிக்காகவே இந்தக் கிளீட்டை நான் விரும்புகிறேன். நீங்கள் வேறு எந்த எஸ்.பி.டி. பெடல் வாங்கினாலும், தனியாக எஸ்.எச்.56 ஒரு சோடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வில்லின் இறுக்கத்தையும் 3 மி.மீ. ஆலன் கீ என்ற அறுகோணச் சாவியால் குறைத்துக்கொள்ளலாம். முதல் மூன்று மாதம் அதை மிகக் குறைந்த அளவிலேயே வைத்திருந்தேன்.

ஒருபக்கப் பூட்டுக்கு உரிய குறையையும் மறைக்க வேண்டியதில்லை. சிக்னலில் பச்சை விழுந்ததும் மிதித்துக் கிளம்பும்போது, காலுக்கு அடியில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது உடனே தெரியாது. தட்டைப் பக்கம் மேலே இருந்தால் ஷூவின் முனையால் பெடலைத் திருப்பிவிட வேண்டும். முதல் சில வாரங்கள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், அது ஆபத்தான பழக்கம். தட்டைப் பக்கமே மேலே வந்தாலும் அப்படியே மிதித்துச் சந்திப்பைக் கடந்துவிட்டு, பிறகு திருப்பிப் பூட்டிக்கொள்வது என்று வழக்கப்படுத்திக்கொண்ட பின் அந்தத் தொல்லை தீர்ந்தது.

பெடலைவிட ஷூவைத் தேர்ந்தெடுக்கத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பெடல் எவருக்கும் ஒன்றுதான், ஷூ உங்கள் பாதத்துக்கு உரியது. இந்தியக் கடைகளில் நாம் சொல்லிப் பழகிய 8, 9 என்ற எண்கள் இங்கே உதவாது. பெரும்பாலான சைக்கிள் ஷூக்கள் 41, 42, 43 என்ற ஐரோப்பிய அளவில் வருகின்றன, அந்த எண்ணும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரு தாளைச் சுவரை ஒட்டித் தரையில் வைத்து, குதிகால் சுவரைத் தொடும்படி நின்று, நீளமான விரலின் முனையில் கோடு போட்டு அளந்துகொள்ளுங்கள். இரண்டு பாதத்தையும் அளக்க வேண்டும், என் இடப்பாதம் வலப்பாதத்தைவிட 4 மி.மீ. நீளம். ஷிமானோவின் அட்டவணைப்படி 26.5 செ.மீ. பாதத்துக்கு 42 பொருந்தும். மற்ற நிறுவனங்களின் அட்டவணைகளையும் செ.மீ. கணக்கிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீளத்தைவிட அகலம்தான் நம்மில் பலருக்குச் சிக்கல் தரும். சிறு வயதில் வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த என்னுடையதைப் போன்ற பாதத்தின் முன்பகுதி விரிந்திருக்கும். ஒடுக்கமாக வடிவமைக்கப்பட்ட பந்தய ஷூ கடையில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்க்கும்போது கச்சிதமாகத்தான் தோன்றும். மே மாதக் காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிய பிறகு பாதம் சூட்டில் வீங்கும், அப்போது சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் மரத்துப்போகத் தொடங்கும். அதனால் மாலையில், ஒருநாள் முழுக்க நடந்து களைத்த பாதத்தோடு, ஓட்டும்போது போடும் அதே சாக்ஸை அணிந்துகொண்டு போய்ப் போட்டுப் பாருங்கள். விரல்களை உள்ளே அசைக்க முடிய வேண்டும், ஆனால் நின்றபடி குதிகாலைத் தூக்கினால் அது ஷூவுக்குள் மேலே வழுக்கி வரக்கூடாது. இந்த இரண்டும் ஒருசேர அமையவில்லையென்றால் எண்ணை மாற்றிப் பயனில்லை. வேறு நிறுவனத்தின் ஷூவையோ, அகலப் பதிப்பு இருந்தால் அதையோ கேளுங்கள். நான் நான்கு கடைகளில் ஒன்பது ஷூக்களைப் போட்டுப் பார்த்த பிறகே வாங்கினேன், அதில் ஒரு நாளும் வீணாகவில்லை.

அடிப்பாகத்தின் விறைப்பைக் கையாலேயே சோதிக்கலாம். குதிகாலையும் முனையையும் பிடித்து வளைத்தால் சற்றே வளைந்து நிற்பது நைலான் அடி, கொஞ்சமும் அசையாதது கார்பன் அடி. புதியவருக்கு நைலான் போதும், நடப்பதற்கும் அதுவே இதம். கட்டும் முறையில் கயிறு, வெல்க்ரோ, திருகுக் குமிழ் என்று மூன்று உண்டு. கயிறு பாதத்தின் வடிவத்துக்கு ஏற்ப நன்றாகப் படியும், ஆனால் முடிச்சின் முனை வலப்புறச் செயினில் சிக்காதபடி செருகி வைக்க வேண்டும். குமிழ் வசதியானது, விலையும் கூடுதல். நான் வெல்க்ரோ பட்டைகள் உள்ளதை வாங்கினேன், ஓட்டிக்கொண்டே ஒரு கையால் தளர்த்த முடிகிறது. மேற்புறத்தில் காற்றோட்டத் துளைகள் தாராளமாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நீர் புகாத ஷூ என்று விற்பவை குளிர் நாடுகளுக்கு உரியவை. நம் மழையில் நீர் கணுக்கால் வழியாக உள்ளே போய்விடும், வெளியேற வழி இருக்காது. நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து மின்விசிறிக்கு அடியில் வைத்தால் மறுநாள் காலைக்குள் உலர்ந்துவிடுகிறது. வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், ஒட்டுப் பசை இளகிவிடும்.

பெடலையும் ஷூவையும் சேர்த்து எனக்கு ₹12,000க்குச் சற்று மேல் ஆனது. குறைக்க வேண்டுமென்றால் பெடலில் குறையுங்கள், ஷூவில் குறைக்காதீர்கள்.

வீட்டிலேயே மாட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். ஆலன் கீயை மேல்நோக்கி நிறுத்தி முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரு பெடல்களும் இறுகும், பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டும் கழலும். பெடலில் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டுள்ள 'எல்', 'ஆர்' எழுத்துகளைப் பார்த்துவிட்டு, முதல் நான்கைந்து சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். அலுமினிய கிராங்கில் எஃகு அச்சைத் தவறான கோணத்தில் அழுத்தித் திருகினால் மரை சிதைந்து கிராங்கையே மாற்ற வேண்டிவரும். மரையில் கிரீஸ் தடவாமல் மாட்டக்கூடாது. கடற்காற்றுப் படும் ஊரில் ஓராண்டில் துரு பிடித்து இறுகிவிடும், பிறகு கழற்றுவது பெரும்பாடு.

கிளீட்டைப் பொருத்தும் இடத்தில்தான் முழங்காலின் நலம் இருக்கிறது. ஷூவைப் போட்டுக்கொண்டு, கட்டைவிரலின் வேரில் உட்புறம் புடைத்திருக்கும் எலும்பையும், சுண்டுவிரலின் வேரில் வெளிப்புறம் புடைத்திருக்கும் எலும்பையும் தொட்டுப் பார்த்து, ஷூவின் மேல் சாக்பீஸால் குறித்துக்கொண்டேன். பெடலின் அச்சு இவ்விரு குறிகளுக்கும் நடுவே வரும்படி கிளீட்டை வைத்தேன். கோணத்துக்கு, உயரமான மேசையின் விளிம்பில் அமர்ந்து கால்களைத் தளரத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். என் வலப்பாதம் நேராகவும் இடப்பாதம் சற்று வெளிநோக்கியும் நின்றன. இதைப் பொருட்படுத்தாமல் முதலில் இரண்டையும் நேராக வைத்து ஓட்டியதில் இட முழங்காலின் உட்பக்கம் மூன்றாம் நாளே வலித்தது. கிளீட்டை ஓரிரு மி.மீ. திருப்பிய பிறகு வலி போய்விட்டது. வலியைப் பொறுத்துக்கொண்டு பழகிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

பழகுவதற்கு முதல் ஒரு வாரம் சாலைக்கே போகவில்லை. மாடிப்படிச் சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சைக்கிளில் அமர்ந்து, ஒவ்வொரு காலையும் ஐம்பது முறை பூட்டி விடுவித்தேன். பிறகு மைதானத்தில் புல்தரையில் ஓட்டி, நிற்பதற்கு முன்பே, சைக்கிள் உருண்டுகொண்டிருக்கும்போதே காலை விடுவிக்கப் பழகினேன். நின்ற பிறகு விடுவிக்கலாம் என்று நினைப்பவர் விழுவார். நானும் ஒருமுறை விழுந்தேன், அது புல்லில் என்பதால் முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. இணையத்தில் கிடைக்கும் பயிற்சிக் காட்சிகளில் பல, வண்டிகள் வலப்புறமாகச் செல்லும் நாடுகளில் எடுக்கப்பட்டவை. அங்கே சாலையின் ஓரம் வலக்கால் பக்கம் இருக்கும். நமக்கு ஓரம் இடப்பக்கம், வலப்பக்கம் பேருந்து வரும் பக்கம். அதனால் எப்போதும் இடக்காலை விடுவித்து, இடப்பக்கம் சாய்ந்து நிற்கவே பழகுங்கள்.

பூட்டும் பெடலில் நான் உண்மையாகவே அஞ்சிய தருணம் வேறு. வாங்கிய நான்காம் மாதம், கேளம்பாக்கம் பிரிவுச் சாலைக்கு அருகில் நிற்கலாம் என்று இடக்குதிகாலைத் திருப்பினேன். கால் திரும்பியது, ஆனால் விடவில்லை. இன்னும் திருப்பினேன், பாதம் முழுவதும் பெடலின் மேல் சுழன்றதே தவிர வெளியே வரவில்லை. கிளீட்டின் இரண்டு திருகுகளில் ஒன்று எங்கோ கழன்று விழுந்துவிட்டிருந்தது. மிச்சமிருந்த ஒரு திருகை அச்சாகக் கொண்டு ஷூ மட்டும் சுழல, கிளீட் பெடலுக்குள் அசையாமல் இருந்தது. நல்லவேளையாக முன்னால் வண்டி எதுவும் இல்லை. வலக்காலை விடுவித்து, வேகத்தைக் குறைத்து, ஓரமாக இருந்த மின்கம்பத்தைப் பிடித்து நின்று, வெல்க்ரோவைப் பிரித்துக் காலை ஷூவிலிருந்து உருவிக்கொண்டேன். ஷூ பெடலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. திருகுகளை நான்தான் மாட்டினேன், கிரீஸ் தடவிப் போதிய அளவு இறுக்கவில்லை. இறுக்கும் முறுக்கு விசை 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது ஷிமானோவின் கையேடு. அளவுகாட்டும் ஸ்பேனர் இல்லாதவர்கள் மாட்டிய முதல் வாரம் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும், அதன் பின் மாதம் ஒருமுறையும் 4 மி.மீ. ஆலன் கீயால் இறுக்கிப் பார்த்துவிடுங்கள். அந்த ஆலன் கீ இப்போது என் இருக்கைப் பையில் எப்போதும் இருக்கிறது, கூடவே உபரித் திருகுகள் இரண்டும்.

ஓராண்டுக்குப் பிறகு பெடலின் சுழற்சியில் தளர்வோ ஓசையோ இல்லை, ஊசிகளில் மட்டும் கறுப்புப் பூச்சு தேய்ந்திருக்கிறது. ஷூவின் அடி ரப்பர் முனையில் சற்றுத் தேய்ந்திருக்கிறது. வலக் கிளீட் புதிதுபோலவே உள்ளது. ஒவ்வொரு சிக்னலிலும் நான் விடுவிப்பது இடக்காலைத்தான் என்பதால், இடக் கிளீட்டின் முன்விளிம்பு மழுங்கிவிட்டது, பூட்டும்போது கேட்கும் 'டக்' என்ற ஓசையும் மெலிந்துவிட்டது. புதிய எஸ்.எச்.56 ஒரு சோடி வாங்கி வைத்திருக்கிறேன். பழையதைக் கழற்றும் முன் அதைச் சுற்றி மார்க்கரால் கோடு வரைந்துவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை புதியதை அதே கோட்டுக்குள் வைத்து மாட்ட வேண்டும்.